சித்தன்னவாசல் போறீங்களா? முதலில் பாதையைப் பற்றிப் பேசுவோம்!

ஞாயிற்றுக்கிழமை காலை. இலுப்பூரில் ஒரு வீடு. சென்னையில் வேலை பார்க்கும் பேரன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். வாசலில் கார் தயாராக நிற்கிறது.

"அப்பத்தா, சித்தன்னவாசல் போறோம். கிளம்புங்க."

"மலை ஏறணுமாப்பா?"

"கொஞ்ச தூரம்தான்."

"கொஞ்ச தூரம்னா எத்தனை படி?"

பேரனுக்குத் தெரியாது. மொபைலில் தேடினால் எத்தனை கிலோமீட்டர் என்று வருகிறது, எத்தனை படி என்று வரவில்லை. "சரி, நீங்க போயிட்டு வாங்கய்யா. நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்று அப்பத்தா பேச்சை முடித்துவிடுவார். இப்படி ஒரு பேச்சு உங்கள் வீட்டிலும் எப்போதாவது நடந்திருக்கும். ஊர் மட்டும் வேறாக இருந்திருக்கும்.

அப்பத்தாவைத் தடுத்தது மலை மட்டுமில்லை. எத்தனை படி, எங்கே நிழல், எங்கே உட்காரலாம், கழிப்பறை இருக்கா என்று எதுவுமே தெரியாததும் சேர்ந்துதான் தடுத்தது. சுருக்கமாகச் சொன்னால், பாதையைப் பற்றி யாரும் அவருக்கு எதுவும் சொல்லவில்லை. நம் சுற்றுலாத் தலங்களில், பூங்காக்களில், மலைக்கோயில்களில் ஆகக் குறைவாகப் பேசப்படும் விஷயம் இந்தப் பாதைதான். ஆனால் முதல் ரூபாய் அதற்குத்தான் போக வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

அங்கே அப்படி என்ன இருக்கிறது?

இலுப்பூரிலிருந்து அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டை போகும் சாலையில் வருகிறது சித்தன்னவாசல். வெளியூர்க்காரர்களுக்கு அது ஓவியங்களுக்காகத் தெரிந்த பெயர். மலையின் மேற்குச் சரிவில் பாறையைக் குடைந்து அமைத்த சமணக் குடைவரை, அறிவர் கோயில். அதன் விதானத்தில் தாமரைக் குளம், மீன்கள், பறவைகள், யானைகள், பூப்பறிக்கும் மனிதர்கள். தூண்களில் ஆடல் மகளிர். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது.

அதே மலையில் இன்னொன்றும் இருக்கிறது. பாதி பேர் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். அதன் பெயர் ஏழடிப்பட்டம். படி ஏறி, மலை முகட்டைக் கடந்து, கிழக்குச் சரிவில் பாறையை ஒட்டி இறங்கினால் ஓர் இயற்கைக் குகைத்தளம். அங்கே வழவழப்பாகத் தேய்த்து, தலைமாட்டில் தலையணை மாதிரி மேடு வைத்து அமைத்த 17 கற்படுக்கைகள். அதில் ஒன்றில் தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு. எருமைநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒரு துறவிக்கு அந்தப் படுக்கையை அமைத்துக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. சுமார் 2,000 ஆண்டுகள் பழையது.

அந்த இடத்துக்கு ஏழடிப்பட்டம் என்று ஏன் பெயர்? குகைக்குப் போக, பாறையில் கால் வைக்க வெட்டிய ஏழு குழிகளால் வந்த பெயர் என்பார்கள். அதாவது, ஊர் நினைவில் வைத்திருப்பது படுக்கையை இல்லை, எழுத்தை இல்லை. அங்கே போகும் பாதையை! நமக்கு முன்னால் இருந்தவர்களுக்குப் பாதையின் அருமை தெரிந்திருக்கிறது.

மலையடிவாரத்தில் பிற்காலத்தில் சிறுவர் பூங்கா, படகுக் குளம் எல்லாம் வந்தன. குடும்பத்தோடு அரைநாள் கழிக்க நல்ல இடம். ஆக ஒரே சுற்றுக்குள் பூங்கா, மலை, வரலாறு மூன்றும் இருக்கின்றன. இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டிப்போடுவது பாதைதான்.

பாதையில் என்ன பெரிய விஷயம்?

பொதுவாக ஒரு பூங்காவுக்கு நிதி ஒதுக்கினால் முதலில் என்ன வரும்? நுழைவு வளைவு. அப்புறம் ஒரு சிலை, ஒரு நீரூற்று, 'ஐ லவ்' என்று ஊர்ப் பெயரோடு ஒரு செல்ஃபி பாயின்ட். இவை எல்லாம் போட்டோவில் தெரியும். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டத் தோதாக இருக்கும். பாதை அப்படி இல்லை. நல்ல பாதை கண்ணிலேயே படாது. கெட்ட பாதைதான் காலில் படும்.

ஆனால் யார் உள்ளே வருகிறார்கள், யார் காரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை முடிவு செய்வது பாதை. மூட்டு வலி உள்ள அப்பத்தா, கைக்குழந்தையோடு வரும் அக்கா, சக்கர நாற்காலியில் வரும் நண்பர், கண்பார்வை குறைந்த மாமா, இவர்களுக்கு நீரூற்றால் எந்தப் பயனும் இல்லை. சமமான தரை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, ஐம்பது அடிக்கு ஒரு தரம் உட்கார ஒரு திண்ணை இருந்தால் போதும்.

இன்னொரு விஷயம், பாதை இடத்தையும் காப்பாற்றுகிறது. வழி தெளிவாக இல்லாத இடத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் நடப்பார்கள். புல் தேயும், மண் இளகும், மழையில் அரிக்கும். அடுத்த வருடம் அந்த அரிப்பைத் தவிர்க்க இன்னும் தள்ளி நடப்பார்கள். கொஞ்ச நாளில் ஒரு சரிவு முழுக்கப் பொட்டலாகிவிடும். சித்தன்னவாசலைச் சுற்றிப் பெருங்கற்கால ஈமச்சின்னங்களும் இருக்கின்றன. தெரியாத கண்ணுக்கு அவை வெறும் கல் குவியல். பாதையும் ஒரு பலகையும் இருந்தால் அது கல்லறை என்று தெரியும். இல்லாவிட்டால் மேலே ஏறி நிற்பார்கள்.

நல்ல பாதை எப்படி இருக்கும்?

பாதை போடுவது என்றால் சிமென்ட் கொட்டுவது என்று நினைக்கிறோம். உண்மையில் பாதையின் முதல் எதிரி தண்ணீர். புதுக்கோட்டை வறண்ட மாவட்டம்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். சரிவில் நேராக மேலிருந்து கீழே பாதை போட்டால், மழைநீருக்கு அது வாய்க்கால் ஆகிவிடும். இரண்டு மழைக்காலத்தில் சிமென்ட் பலகைக்கு அடியில் மண் போய், பலகை அந்தரத்தில் தொங்கும்.

சரியான முறை எளிமையானது. பாதை சரிவைக் குறுக்காக வெட்டிப் போகணும். வெளிப்பக்கமாக லேசான சாய்வு இருக்கணும், தண்ணீர் தேங்காமல் வழிந்துவிடும். இடையிடையே குறுக்கே ஒரு கல் வரிசை சாய்வாகப் பதித்தால், பாதையில் ஓடி வரும் தண்ணீர் அதில் முட்டிப் பக்கத்தில் இறங்கிவிடும். தரைக்கு வழுக்கும் டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பான கல் போதும். கல்லுக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது!

அடுத்தது வெயில். பாறை பகல் முழுக்கச் சூட்டை வாங்கி, சாயங்காலம் வரை திருப்பித் தரும். சித்திரை, வைகாசியில் மதியம் 12 மணிக்கு அந்தப் பாறையில் வெறுங்காலோடு நின்று பாருங்கள், புரியும். எனவே அடிவாரப் பாதைக்கு நிழல் என்பது அலங்காரம் இல்லை, அத்தியாவசியம். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மாவட்டத்தின் மரங்களை எப்படிச் சாய்த்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சீக்கிரம் வளரும் அலங்கார மரங்களைவிட வேம்பு, புங்கன், இலுப்பை மாதிரி நம் மண்ணின் மரங்களை நடலாம். பெயரிலேயே இலுப்பையை வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூன்றாவது, பலகை. "சித்தன்னவாசல் உங்களை அன்புடன் வரவேற்கிறது" என்ற பலகையால் யாருக்கும் உதவி இல்லை. தொடங்கும் இடத்திலேயே இப்படி எழுதலாம்: 'ஏழடிப்பட்டம்: இத்தனை படி. போய்வர இத்தனை நிமிடம். கடைசிப் பகுதி குறுகலான பாறைச் சரிவு. கடைசிக் குடிநீர்க் குழாய் இங்கே. கழிப்பறை இடது பக்கம்.' ஐந்து வரிதான். அப்பத்தாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

இதில் கழிப்பறையைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். பெண்கள் ஓர் இடத்துக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வதே பல நேரம் அதை வைத்துத்தான். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வெயிலில் மலை ஏறும் பெண்கள் எத்தனை பேர்! அந்த மயக்கத்துக்குக் காரணம் மலை இல்லை.

மலைக்கே சாய்தளம் போடச் சொல்கிறீர்களா?

இல்லை. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12 விகிதத்தில் இருக்க வேண்டும். ஓர் அடி உயர 12 அடி நீளம். அப்படியானால் 10 மீட்டர் ஏற 120 மீட்டர் சாய்தளம் வேண்டும். நடுநடுவே ஓய்வுத் தளங்கள் தனி. ஏழடிப்பட்டம் வரை அப்படிப் போட்டால் மலையைச் சிதைத்துத்தான் போட முடியும். அதை யாரும் கேட்கக் கூடாது.

ஆனால் 'மேலே முடியாது' என்பதையே சாக்காக வைத்துக் கீழேயும் எதுவும் செய்யாமல் இருப்பதுதான் நம் வழக்கம். அடிவாரத்தில், சமதளத்தில், இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கிற 1.8 மீட்டர் அகலத்தில் ஒரு சுற்றுப்பாதை போட முடியும். மலையையும் குளத்தையும் பார்த்தபடி அதில் அப்பத்தா நடப்பார். பாதையின் ஓரத்தில் கற்படுக்கையின் மாதிரி ஒன்றைக் கல்லிலேயே செய்து வைக்கலாம். தொட்டுப் பார்க்கலாம், பார்வையற்றவர் விரலால் தமிழி எழுத்தைப் படிக்கலாம். உண்மையான கல்வெட்டைத்தான் யாரும் தொடக் கூடாது; மாதிரியைத் தொட என்ன தடை?

இது சலுகையும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பொது இடங்களை எல்லோரும் அணுகும்படி அமைக்கச் சொல்கிறது. அந்த விதிகள் வெறும் பரிந்துரைகளாக நின்றுவிடக் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது.

மெரினா சொல்லித் தந்தது

பாதையின் வலிமையையும் பலவீனத்தையும் ஒரே மாதத்தில் காட்டிய இடம் சென்னை மெரினா. 2022 நவம்பர் இறுதியில் அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர், செலவு சுமார் 1.14 கோடி ரூபாய். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பலர் அன்றுதான் முதல் தடவையாகக் கடலைப் பக்கத்தில் பார்த்தார்கள். கடல் அங்கேயேதான் இருந்தது. வழிதான் இல்லாமல் இருந்தது.

இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் வந்தது. பாதையின் ஒரு பகுதி சேதமானது. "பாருங்க, காசு வீண்" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. ஆனால் பாதையைச் சரிசெய்து மறுபடி திறந்தார்கள். இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், பாதை என்பது ஒரு தடவை போட்டுவிட்டு மறந்துவிடுகிற கட்டடம் இல்லை. வருடா வருடம் பார்த்துக்கொள்ள வேண்டிய பொருள். வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி, கண்மாய்க்கு மராமத்து மாதிரி.

பாதை நல்லா இருந்தா கூட்டம் கூடி, இடம் கெட்டுப்போகாதா?

நியாயமான கேள்வி. ஓவியங்கள் ஏற்கெனவே நிறைய அழிந்துவிட்டன. பாறையில் பெயரைக் கிறுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கூட்டமாக உள்ளே போனால் மூச்சுக்காற்றின் ஈரமே ஓவியத்துக்குக் கெடுதல். பிரான்ஸின் லாஸ்கோ குகையை இந்தக் காரணத்துக்காகவே 1963-இல் பொதுமக்களுக்கு மூடிவிட்டு, பிறகு பக்கத்தில் ஒரு மாதிரிக் குகை அமைத்துக் காட்டினார்கள்.

ஆனால் கவனியுங்கள், கெடுப்பது பாதை இல்லை. கவனிப்பில்லாத நேரமும், தெரியாமையும்தான். நல்ல பாதை கூட்டத்தைப் பிரித்து அனுப்பும். எல்லோரும் சின்னக் குடைவரைக்குள் ஒரே நேரத்தில் முண்டியடிக்காமல், கொஞ்சம் பேர் குளக்கரையில், கொஞ்சம் பேர் மாதிரிப் படுக்கை பக்கம், கொஞ்சம் பேர் மலையில் என்று பரவுவார்கள். ஆள் நடமாட்டம் உள்ள, கண்ணில் படுகிற பாதையில் ஆணியை எடுத்துப் பெயர் கிறுக்க யாருக்கும் துணிவு வராது. கிறுக்கினால் என்ன ஆகும் என்பதையும் பலகையில் போடலாம்: பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சரி, இதெல்லாம் யார் பொறுப்பு?

சிக்கலே இங்கேதான். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் இந்தியத் தொல்லியல் துறையிடம். 2020-இல் அமைந்த திருச்சி வட்டம் இந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறது. பூங்கா, படகு மாதிரியான வசதிகள் மாநில அரசுப் பக்கம். சாலை இன்னொரு துறை. சுற்றியுள்ள ஊர் ஊராட்சிக்குள். பஸ்ஸில் வருகிறவருக்குப் பாதை தொடங்குவது டிக்கெட் கவுன்டரில் இல்லை, பஸ் நிறுத்தத்தில். அங்கிருந்து குகை வரை அவர் நடக்கும் ஒரே வழி, காகிதத்தில் பல துறைகளின் துண்டுகள். ஒவ்வொருவரும் தன் துண்டை ஒழுங்காக வைத்திருந்தாலும், இரண்டு துண்டு சேருமிடத்தில் பள்ளம் விழுந்தால் அது யாருடையதும் இல்லை.

"தொல்லியல் இடம், எதுவும் கட்டக் கூடாது" என்று ஒரு பதிலும் எல்லா ஊரிலும் சொல்லக் கேட்கலாம். பாதி உண்மை. நினைவுச்சின்ன எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. ஆனால் 2010-இல் திருத்தப்பட்ட அதே சட்டம் 'கட்டுமானம்' என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில், வடிகாலும் பொதுக் கழிப்பறையும் மக்களுக்கான குடிநீர் வசதியும் வராது. துறையோடு கலந்து, சின்னத்துக்குப் பங்கம் வராமல் செய்ய வழி இருக்கிறது. ஒரு மர நிழலும் ஒரு கல் திண்ணையும் யாருடைய வரலாற்றையும் மறைத்துவிடாது.

என் யோசனை இதுதான். மாவட்ட ஆட்சியர் தலைமையில் எல்லாத் துறையும் உட்காரும் ஒரு கூட்டத்தில், பஸ் நிறுத்தம் முதல் ஏழடிப்பட்டம் வரை முழுவதையும் 'ஒரே பாதை' என்று ஏற்றுக்கொண்டு, அதற்கு ஒரே ஒரு அதிகாரியைப் பொறுப்பாக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால் புரட்டாசியில், எல்லோரும் சேர்ந்து அந்தப் பாதையை நடந்து பார்க்க வேண்டும். கூடவே ஒரு வயதானவர், சக்கர நாற்காலியில் ஒருவர், ஒரு குழந்தை. அவர்கள் எங்கே நிற்கிறார்களோ, அங்கேதான் வேலை பாக்கி.

நாம் என்ன செய்யலாம்?

'அரசு செய்யணும்' என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். மொபைலிலேயே முடிகிற சில வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, அடுத்த தடவை போகும்போது படிகளை எண்ணுங்கள். நிழல், திண்ணை, தண்ணீர், கழிப்பறை எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டு மேப்பில் விமர்சனமாக எழுதுங்கள். 'சூப்பர் பிளேஸ்' என்ற மூன்று நட்சத்திரக் குறிப்பைவிட, 'அம்மாவோடு போனோம், இந்த இடம் வரை ஏற முடிந்தது' என்ற ஒரு வரி நூறு குடும்பங்களுக்கு உதவும்.

இரண்டாவது, சேதத்தைப் பார்த்தால் போட்டோவோடு புகார் அனுப்புங்கள். மாநிலத் துறைகளுக்கு முதல்வரின் முகவரி, 1100 என்ற எண். மத்திய அரசின் தொல்லியல் துறைக்கு மத்தியக் குறைதீர் இணையதளம். எது யாருடையது என்று தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள்; 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். 'இந்தப் பாதையின் பராமரிப்பு யாருடையது?' என்ற ஒரே கேள்வி போதும்.

மூன்றாவது, நீங்கள் ஊராட்சிப் பகுதியில் வாக்காளர் என்றால் கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பாதிக்கு மேல் விடுமுறை நாள்கள், ஊருக்கு வந்திருப்பீர்கள். பிரியாணிக்கு முன்னால் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்து, பஸ் நிறுத்தத்திலிருந்து நிழற்பாதை வேண்டும் என்று தீர்மானத்தில் ஏற்றச் சொல்லலாம்.

நான்காவது, சுலபமானது. போட்ட பாதையிலேயே நடங்கள். குறுக்கு வழி தேடாதீர்கள். தண்ணீர் பாட்டிலைத் திருப்பி எடுத்து வாருங்கள். ஓவியத்தில் கை வைக்காதீர்கள், வைக்கும் பிள்ளையிடம் ஏன் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.

சித்தன்னவாசலோடு இது முடிவதில்லை. குடுமியான்மலை, நார்த்தாமலை, விராலிமலை என்று இலுப்பூரைச் சுற்றி அரைநாள் பயணத்தில் இத்தனை மலைகள். சித்தன்னவாசலில் ஒரு பாதையைச் சரியாகச் செய்து காட்டினால் மற்ற மலைகளுக்கும் அதையே முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் உளியை எடுத்து அந்தப் பாறையில் கால் வைக்கக் குழி வெட்டினார். தனக்குப் பின்னால் வருகிறவர் வழுக்கி விழக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான் காரணமாக இருந்திருக்கும். அவர் பெயர் எங்கேயும் இல்லை. நம்மிடம் ஜேசிபி இருக்கிறது, பட்ஜெட் இருக்கிறது, இணையதளம் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பத்தா, "எத்தனை படி?" என்று கேட்டால், பேரனிடம் பதில் இருக்கணும். "மேல வேணாம் அப்பத்தா, கீழயே நிழல்ல ஒரு பாதை இருக்கு. கல்லுப் படுக்கையைத் தொட்டே பாக்கலாம்" என்று அவன் சொல்லணும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் காரில் ஏறி உட்காரணும்.